பசை காயும் நேரம்

எங்கள் சபையில் ஒரு பிளம்பர் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளியில் யாரும் அதைப் புழங்குவதில்லை. எல்லோருக்கும் அவர் ‘இதோ வந்துட்டேன்’. போனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார், “இதோ வந்துட்டேன்” என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் ஊரின் மறுகோடியில் யாரோ ஒருவருடைய சிங்க்குக்கு அடியில், முதுகு தரையில் பட மல்லாந்து கிடப்பார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. வரத்தானே போகிறார், எந்தக் கிழமை என்பதுதான் கேள்வி.

இருபத்திரண்டு வருடத் தொழில். குழாய் ஒழுகும் வீட்டில் நிதானமான மனிதர் ஒருவரையும் பார்க்க முடியாது என்பது அவர் அனுபவம். ஆராதனை நடக்கும்போதும் போன் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். நெஞ்சைப் பொத்திக்கொண்டு குனிந்தபடி வெளியே ஓடுவார். சபைக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர் அதை மாரடைப்பு என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி, அவரைப் படியில் உட்காரவைத்து நாடி பார்த்திருக்கிறார். இவர் ஒரு கையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு மறு கையில் போனைப் பிடித்தபடி, “இதோ வந்துட்டேன்” என்றாராம். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பரலோகத்துக்குப் பதில் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

அவருடைய பைபிள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. கறுப்பு உறை, சுற்றிலும் ஜிப். ஞாயிறு காலை அலமாரியிலிருந்து இறங்கும், மத்தியானம் மறுபடி ஏறிவிடும். வசனங்களை இப்போதெல்லாம் திரையிலேயே போட்டுவிடுவதால் ஜிப்பைத் திறக்கவேண்டிய அவசியமே வருவதில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் புது வருட ஆராதனையில் எங்கள் போதகர் ஆளுக்கொரு கார்டு கொடுத்தார். முந்நூற்று அறுபத்தைந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்குப் படிக்க வேண்டிய அதிகாரங்கள். படித்துவிட்டு ஒரு டிக் போட வேண்டும்.

“ஒரு நாளைக்கு மூணு அதிகாரம், சில நாள் நாலு. அவ்வளவுதான். வருஷம் முடியும்போது முழு வேதாகமமும் முடிஞ்சிரும். டீ ஆறுற நேரம் போதும்,” என்றார் போதகர். அவர் வீட்டு டீ என்ன சூட்டில் வருகிறதோ தெரியாது.

பிளம்பரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று கார்டுகளையும் ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டினார்: தன்னுடையது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுடையது, கணவருடையது. மறுநாள் காலை பிளம்பர் குளித்து முடித்து, சாப்பாட்டு மேஜையில் பயபக்தியோடு உட்கார்ந்தார். ஜிப் நகரவில்லை. இருபது வருடத் துருவேறிய குழாயையே ஒரு முறுக்கில் திறக்கும் கை அது. இழுத்தார், ஆட்டினார், கடைசியில் பெட்டியிலிருந்து எண்ணெய் எடுத்து இரண்டு சொட்டு விட்டார். திறந்தது. ஆதியாகமம் முதல் அதிகாரம். வெளிச்சம் உண்டானது, வானம் உண்டானது, மூன்றாம் நாள் தண்ணீரெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தது. போன் அடித்தது.

“அண்ணே, வீடு பூரா தண்ணி!”

“இதோ வந்துட்டேன்.”

அடுத்த நாள் விட்ட இடம் தெரியாததால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி போன். கடவுள் ஆறே நாளில் உலகம் முழுவதையும் படைத்து முடித்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வும் எடுத்துக்கொண்டார். நம் பிளம்பர் பதினோரு நாளாகியும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. சூரிய சந்திரரையே பார்க்கவில்லை.

விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்துப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தார். “முழிச்சிட்டீங்க போல. அப்படியே நம்ம மோட்டாரையும் ஒரு பார்வை பார்த்திருங்களேன்.” மறுநாள் விளக்கைப் போடாமல் போன் வெளிச்சத்தில் படித்தார். எழுந்து பார்த்த மகள், பைபிளின்மேல் கன்னத்தை வைத்து அப்பா குறட்டை விடுவதையும், ஆதியாகமத்தின் ஓரம் ஈரமாகியிருப்பதையும் கண்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிறகு யாரோ சொல்லி, வேதத்தை வாசித்துக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டார். கனத்த ஆண் குரல், பின்னணியில் லேசாக இடி. ஒரு வீட்டுக் குளியலறைக்குள் இவர் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, போனில் அந்தக் குரல் ஆதாமைத் தேடிக் கூப்பிட்டது. வீட்டுக்காரரின் மாமியார் கதவைத் தட்டி, “உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? ஒருத்தருக்குத்தான் டீ போட்டிருக்கேன்!” என்றார். அத்தோடு ஆப்புக்கும் விடை கொடுத்தாயிற்று.

பிப்ரவரி பாதியில் பிளம்பர் கைகழுவிவிட்டார். ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது கார்டைப் பார்க்காமல் திறக்கப் பழகிக்கொண்டார். ஆனால் ஒரு நாள் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனபோது கண் தவறிப் பட்டுவிட்டது. அவருடைய கார்டில் டிக்குகள் இருந்தன. ஜனவரி முழுவதும், பிப்ரவரி நேற்று வரை, ஒரு கட்டம் பாக்கியில்லாமல். சில நீல மையில், சில கறுப்பு மையில், நம்பும்படியாக. அவருடைய கையெழுத்தைப் போலவே லேசாக இடப்பக்கம் சாய்ந்துகூட இருந்தன.

திரும்பிப் பார்த்தார். மனைவி மேஜையில் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. இவர் பாட்டிலை எடுத்தார், ஃப்ரிட்ஜை மூடினார், கனைத்தார். மனைவியும் கனைத்தார். அந்த விஷயத்தைப் பற்றி இருவருக்குமிடையே நடந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். அடுத்த நாலரை மாதமும் டிக்குகள் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன. பிளம்பருக்கு அதில் ஒருவித நிம்மதிகூட இருந்தது. தன் பெயரில் யாரோ எங்கோ யோக்கியமாக வாழ்ந்துகொண்டிருப்பது போல.

ஜூன் முடிந்ததும் சபையில் கார்டுகளைச் சேகரித்தார்கள். ஊக்கப்படுத்துவதற்காக என்றார்கள். அடுத்த ஞாயிறு மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போதகர் ஒரு கார்டை மட்டும் கையில் தூக்கிப் பிடித்தார்.

“நம்ம சபையில டீச்சர்கள் இருக்காங்க, ரிட்டையர் ஆனவங்க இருக்காங்க. எல்லார் கார்டிலயும் அங்கங்க விட்டுப்போயிருக்கு. பரவாயில்லை. ஆனா நூத்தி எண்பத்தோரு நாளும் ஒரு நாள்கூடத் தவறாம வாசிச்ச ஒருத்தர் இருக்கார். நம்மள்ல யாருக்கு நேரமே இல்லைன்னு நாம நினைக்கிறோமோ, அவர்.”

பிளம்பர் யாராயிருக்கும் என்று ஆவலோடு பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். சபை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று மாலைக்குள் சபையின் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது: ‘வேலைப்பளுவிலும் வேதம்: நேரம் ஒதுக்குவது எப்படி?’ கீழே கையில் ரெஞ்ச்சோடு சிரிக்கும் பிளம்பரின் படம்.

“டீச்சர்,” என்றார் அவர் வீட்டுக்கு வந்ததும். கோபம் வந்தால் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். “என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியுதா?”

“நீங்க பார்த்தீங்கல்ல? பிப்ரவரியிலயே பார்த்தீங்க. அப்ப சொல்லியிருக்கலாமே?”

“எதுக்குப் போட்டே?”

“போதகர் ஐயா வீட்டம்மா ஒரு நாள் வந்திருந்தாங்க. உங்க கார்டு வெறுமையா கிடந்ததையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. மானம் போச்சு. அவங்க கை கழுவப் போன நேரத்துல ஒரு வாரத்துக்குப் போட்டேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியலை.”

“நடுவுல ஒரு நாள், ரெண்டு நாள் விட்டிருக்கக் கூடாதா? மனுஷன்னா காய்ச்சல் வராதா?”

“விடணும்னுதாங்க நினைச்சேன். அவ்வளவு அழகா வரிசையா போயிட்டிருந்துச்சு. மனசு வரலை.”

பிளம்பர் மனைவியின் கார்டைப் பார்த்தார். அதில் ஏழெட்டுக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

“உன் கார்டுல மட்டும் இத்தனை ஓட்டை?”

“அதெல்லாம் நான் வாசிக்காத நாள்,” என்றார் டீச்சர் அதிர்ச்சியோடு. “வாசிக்காம எப்படிங்க டிக் போடுறது?”

பிளம்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் அதற்குள் ஒரு தாளில் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

“அப்பா, கார்டுபடி நீங்க இப்போ சங்கீதம் நூத்திப் பன்னிரண்டுல இருக்கணும். மொத்தம் ஐந்நூத்தித் தொண்ணூறு அதிகாரம். இருக்கிறது இருபத்தோரு நாள். தினம் இருபத்தெட்டு அதிகாரம் படிச்சா, நீங்க சொல்றது உண்மையாயிடும்.”

“இது ஒரு வழியா?”

“இல்லைன்னா ஐயாகிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க. அது ஒரு அதிகாரம்கூடப் படிக்க வேண்டாம்.”

பெண் சொன்ன இரண்டாவது வழிதான் சுலபமாகப் பட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த போதகரின் மனைவி, “ஸ்தோத்திரம்! இப்பதான் உங்களை நினைச்சேன். சிங்க் அடைச்சுக்கிச்சு,” என்றார். ஐந்தாவது நிமிடம் பிளம்பர் தன் வழக்கமான இடத்தில், சிங்க்குக்கு அடியில் கிடந்தார். போதகர் டார்ச் பிடித்தார்.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கார்டு…”

“எது, இந்த ஸ்பேனரா?”

“இல்லைங்கய்யா, கார்டு. அந்த டிக்கெல்லாம்…”

குழாய்க்குள் சிக்கியிருந்த அடைப்பு சட்டென்று விட்டது. ஒரு வாரக் கறுப்புத் தண்ணீர் மொத்தமும் பிளம்பரின் வாயை நோக்கி இறங்கியது. அவர் முகம் கழுவி வருவதற்குள் போதகர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்திருந்தார். இப்படிப்பட்ட உண்மையுள்ள ஊழியக்காரனைச் சபைக்குத் தந்ததற்காக நன்றி சொன்னார். பிளம்பர் சொட்டச் சொட்ட நின்றபடி ஆமென் சொன்னார். ஒரு தட்டு பிஸ்கட்டோடு வீட்டுக்குத் திரும்பினார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, மகள் சொன்ன முதலாவது வழியே கதி. இருபத்தெட்டு அதிகாரம். பைபிளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, டேப்புக்கும் வாஷர் டப்பாவுக்கும் நடுவே கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அன்றைய வேலை ஒரு மூன்றாம் மாடி வீட்டில். அங்கே தனியாக இருந்த அம்மாள், நீதிமன்றத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் எளிதில் நம்பமாட்டார். குளியலறையில் பழைய குழாயை வெட்டி எடுத்து, புதியதைப் பசை போட்டு ஒட்டினார் பிளம்பர். பசை காய இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் இத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அன்றுதான் யோசித்தார். போனில் வீடியோ பார்த்திருக்கிறார். தூரத்து நாட்டில் யாரோ கிணறு தோண்டுவது, யானை குளிப்பது, இன்னொரு பிளம்பர் குழாய் மாட்டுவது. ஒரு நாளைக்கு மூன்று ஒட்டு ஒட்டினால் ஒரு மணி நேரம். தொட்டி நிறையக் காத்திருக்கும் நேரம் தனி. நேரம் இல்லை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் கன்னம் சூடாயிற்று.

போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கருவிப் பெட்டிக்குள் போட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பைபிளைத் திறந்தார். நான்காம் நாள் வந்தது. ஐந்தாம் நாள் வந்தது. மனிதன் வந்தான். கணக்கு முடிக்கும் வெறியோடு ஓட்டமாக ஓடினார். அந்த வீட்டு வேலை வெள்ளிக்கிழமை வரை இழுத்தது; தினம் இப்படியே ஓடி, கடைசி ஒட்டுக் காய்வதற்குள் முப்பத்தாறு அதிகாரம் முடித்திருந்தார். பசை காய்ந்ததும் எழுந்து வால்வைத் திறந்து, புதுக் குழாயில் வேகம் எப்படி என்று பார்க்கக் குளியலறையிலிருந்த பெரிய டிரம்முக்குள் தண்ணீரை விட்டார். அது நிறையப் பத்து நிமிடமாவது ஆகும். இன்னும் இரண்டு அதிகாரம் பார்க்கலாம்.

ஆனால் யோசேப்பிடம் வந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான். அன்று அது கலர் அங்கி போட்ட ஒரு பையனின் படம், அவ்வளவே. இப்போது அப்படி இல்லை. கூடப்பிறந்தவர்களே குழியில் தள்ளி விற்றுவிட்டார்கள். வருடங்கள் ஓடி, அதே அண்ணன்கள் பசியோடு வந்து, எகிப்தில் அதிகாரியாகிவிட்ட அவன் முன்னால் நிற்கிறார்கள், ஆள் யாரென்று தெரியாமல். இவனுக்குத் தெரிகிறது. சொல்ல முடியவில்லை. உள்ளறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு வைக்கச் சொல்கிறான். பிளம்பருக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஆறு வருடமாகப் பேச்சில்லை. எதற்காக என்று கேட்டால் இருவருக்குமே சரியாகச் சொல்ல வராது. யோசேப்பு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, நான்தான் என்று அண்ணன்களிடம் சொல்லும் இடம் வந்ததும் பிளம்பரின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

டைப்பிஸ்ட் அம்மாள் எட்டிப் பார்த்தார். குளியலறை வாசலில் வாளிமேல் உட்கார்ந்து பிளம்பர் ஒருவர் தேம்பித் தேம்பி அழும் காட்சியை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

“என்ன பிளம்பர், குழாய் அவ்வளவு மோசமாவா இருக்கு? சுவத்தை உடைக்கணுமா?”

“இல்லைங்க மேடம். யோசேப்பு…”

“யாரு அவரு? உங்க ஆளா? என்ன ஆச்சு அவருக்கு?”

பிளம்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அம்மாள் முதலில் நின்றபடி கேட்டார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குழியில் தள்ளிய இடம் வந்ததும் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்த மாதிரி கேஸ் எத்தனையோ டைப் அடிச்சிருக்கேன். சொத்துத் தகராறாத்தான் இருக்கும்.”

“சொத்து இல்லைங்க மேடம். ஒரு அங்கி.”

“அங்கிக்காகவா? பத்துப் பேரும் சேர்ந்தா? சாட்சி யாராவது இருந்தாங்களா?”

“அப்பாகிட்ட ரத்தம் பட்ட அங்கியைக் காட்டி, மிருகம் அடிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க.”

“ஜோடிச்ச தடயம்!” என்று அம்மாள் நாற்காலியில் தட்டினார். “அப்புறம்?”

அப்புறம் சிறைச்சாலை, கனவு, பார்வோன், பஞ்சம், தானியம் என்று கதை போயிற்று. தானியம் கேட்டு அண்ணன்கள் வந்த இடத்தில் அம்மாள், “நானா இருந்தா ஒரு மணி தானியம்கூடக் குடுக்கமாட்டேன்,” என்றார். பிளம்பர் மறுத்தார். வாக்குவாதம் சூடுபிடித்தது. நடுவில் அம்மாள் திடீரென்று நிறுத்திக் கேட்டார்.

“பிளம்பர், இந்தக் கதையில எங்கயாவது தண்ணி வருதா?”

“இல்லைங்க மேடம். மழையே கிடையாது, ஏழு வருஷம் பஞ்சம்.”

“அப்ப என் கால்ல என்னது?”

டிரம் நிறைந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. வெட்டிய துண்டுகள் உள்ளே விழாமலிருக்கச் சாக்கடைத் துளையில் பழந்துணியைத் திணித்து வைத்தவரும் நம் பிளம்பரே. தண்ணீர் குளியலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சோபாவுக்கு அடியிலிருந்த செருப்பு ஒன்றை மெல்ல வாசல்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டாம் மாடிக்காரர் மேலே ஓடிவந்து கதவை இடித்தார்.

“மேலேர்ந்து ஒழுகுதுங்க! உடனே ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்க! நானும் பதினேழு தடவை அடிச்சிட்டேன், அந்த இதோ வந்துட்டேன் போனையே எடுக்க மாட்டேங்கிறான்!”

முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கையில் பைபிளோடு நின்ற பிளம்பர், “இங்கதான் இருக்கேன்,” என்றார்.

துடைத்து முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. இரண்டாம் மாடிக்காரரின் கூரைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “துடைச்சுக்கிட்டே சொல்லுங்க. அந்த அப்பா பையனைப் பார்த்தாரா இல்லையா?” என்று கேட்டார். பார்த்தார் என்று தெரிந்ததும், “சரி, மன்னிச்சுத் தொலைக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொன்னார். புறப்படும்போது, “வாஷ்பேசின்லயும் ஏதோ சத்தம் கேக்குது. அடுத்த வாரம் வாங்க,” என்றார். வாஷ்பேசினில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த நாலு நாளில் ஒரு நாள்கூடக் கணக்கு இருபத்தெட்டை எட்டவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் எட்டவில்லை. டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு வேகமாகப் படிக்க அவருக்கு வரவில்லை. ஒட்டுப் போட்டுவிட்டு உட்கார்வார், ஒரு அதிகாரம், மிஞ்சினால் இரண்டு. எகிப்திலிருந்து ஜனங்கள் கிளம்பியதைக் கழுத்து வலிக்கும் வரை படித்தார். அவர்கள் பாலைவனத்தில் கட்டிய ஆராதனைக் கூடாரத்தின் அளவுகள் வந்தபோது மட்டும் பேனா எடுத்து ஓரத்தில் படம் வரைந்து, வளையத்துக்கும் கொக்கிக்கும் கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அந்த வேலைக்காரர்கள்மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று.

மூன்றாவது ஞாயிறு. சபையில் நாற்காலி போதவில்லை. பிளம்பர் சலவைச் சட்டையில் மேலே ஏறினார். டீச்சர் நான்காவது வரிசையில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம்,” என்றார் பிளம்பர். “நேரம் ஒதுக்குறது எப்படின்னு பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதுங்க. நான் எப்பவும் லேட்டு, உங்க எல்லாருக்கும் தெரியும்.”

சிரித்தார்கள். தாழ்மை என்று நினைத்துவிட்டார்கள்.

“அந்தக் கார்டுல இருக்கிற டிக் எதுவும் நான் படிச்சுப் போட்டதில்லை. நூத்தி எண்பத்தோரு நாள்ல நான் படிச்சது முதல் அதிகாரத்துல பாதி. அதையே பதினோரு தடவை படிச்சேன். டிக் இருக்கிறதைப் பார்த்தும் சும்மா இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான்காவது வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தார்.

“டிக் போட்டது நான்,” என்றார், வகுப்பறைக் குரலில். “அவரைக் கேக்காமப் போட்டேன். தப்பு என்னோடது.”

“பாதி தப்பு,” என்றார் மேலே நின்றவர்.

“சரி, பாதி,” என்று டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

பிளம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “போன மூணு வாரமாத்தான் படிக்கிறேன். பசை போட்டா இருபது நிமிஷம் காயணும். அந்த நேரத்துல படிக்கிறேன். இன்னும் ரெண்டாம் புத்தகம் யாத்திராகமமே முடியலை. இதுக்கே ஒரு வீட்டை முக்கிட்டேன். நேத்து எங்க அண்ணனுக்குப் போன் பண்ணினேன். ஆறு வருஷம் கழிச்சு. அவர் எடுத்ததும் என்ன சொல்றதுன்னு தெரியலை, ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லிட்டேன். ‘எப்ப?’ன்னு கேட்டார். இன்னைக்குச் சாயங்காலம் போறேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு.”

பத்து நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டார். போதகர் மைக்கை வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு, “சிங்க்குக்கு அடியில நீங்க சொல்ல வந்தது இதுதானா?” என்று மட்டும் கேட்டார். பிளம்பர் தலையாட்டினார். போதகர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

யாரும் எழுந்து தங்கள் கார்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சபை அவ்வளவு அவசரப்படாது. ஆனால் அடுத்த முறை கார்டுகளைச் சேகரித்தபோது எல்லோர் கார்டிலும் திடீரென்று ஓட்டைகள் பெருகியிருந்தன. என்னுடையது சல்லடை.

அண்ணன் வீட்டுக்கு அன்று மாலை போனார். போன இடத்தில் முதல் அரைமணி நேரம் இருவரும் மோட்டாரைப் பற்றித்தான் பேசினார்களாம். பிறகு அண்ணி அழுதாராம். எதற்காகப் பேச்சு நின்றது என்று யாருமே கேட்கவில்லையாம். இப்போது மாதம் ஒரு தடவை போகிறார். டீச்சர் அவருடைய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். மறுபடி ஆசை வந்துவிடும் என்ற பயம்.

கார்டுக்காரர்கள் ஒரு வருடத்தில் முடித்ததைப் பிளம்பர் முடிக்க மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆயிற்று. சட்டம் சட்டமாக வரும் லேவியராகமத்தில் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தார். கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி வசனத்தை ஒரு உணவகத்தின் பின்கட்டில், எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து ஒரு புதன்கிழமை மத்தியானம் படித்து முடித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் சமையல்காரர் மட்டும்தான், மலைபோல் வெங்காயத்தை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

“முடிச்சிட்டேன்,” என்றார் பிளம்பர்.

“முடிச்சாச்சா? நல்லது,” என்று சமையல்காரர் கத்தியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அப்ப பாத்திரத்தைப் போடச் சொல்றேன். சிங்க் ஒழுகாதுல்ல?”